“ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தீங்களே”: மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பவை

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, சேலம் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு அக்கா வீட்டு மாடியில் கூடுகிறோம். பெயர் கிடையாது, பலகை கிடையாது, சந்தா கிடையாது. வருகிற எல்லோரும் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்கள், இல்லையென்றால் எடுத்துக்கொண்டிருப்பவர்கள். ஒரு மாதம் பதினெட்டுப் பேர் வந்து பாய் பத்தாமல் போனது. வைகாசியில் ஒரு முகூர்த்த நாளன்று நானும் வீட்டுக்கார அக்காவும் மட்டும் உட்கார்ந்து, வாங்கி வைத்த முறுக்கைத் தின்று தீர்த்தோம். புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை எல்லாம் எழுதி வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது, கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற ஒரே தகுதியில் வேலை என் தலையில் விழுந்தது.

நீங்கள் டாக்டரா, நர்ஸா?

இரண்டும் இல்லை. நான் சேலத்தில் குகை என்கிற பகுதியில் தையல் வேலை செய்கிறவள். 2019 ஏப்ரலில் இடது மார்பை எடுத்தார்கள், அக்குளில் இருந்த நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) சேர்த்து. அப்புறம் கீமோவில் சிவப்பு மருந்து நான்கு தடவை, வாராவாரம் ஏறும் மருந்து பன்னிரண்டு தடவை, கரண்ட் என்று நாங்கள் சொல்லும் கதிர்வீச்சு இருபத்தைந்து நாள். மற்றவர்களில் அம்மாப்பேட்டையில் தறி நெய்கிறவர் இருக்கிறார், செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறவர் இருக்கிறார், ஒரு பள்ளி ஆசிரியை, ஏற்காட்டிலிருந்து காப்பித் தோட்டத்து அக்கா ஒருவர். எங்களில் யாருக்கும் மருந்து சொல்லும் யோக்கியதை இல்லை, சொல்லவும் மாட்டோம்.

டாக்டர் இருக்கிறார், வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். அதற்கு மேல் நீங்கள் என்ன செய்துவிடப் போகிறீர்கள்?

ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். அறுவை முடிந்ததும் விலாப் பக்கத்தில் ஒரு குழாய் வைத்து, அதன் முனையில் ஒரு டப்பாவை மாட்டி விடுவார்கள், உள்ளே ஊறும் நீர் அதில் வடியும். ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம் அதோடேயே இருக்க வேண்டும். எத்தனை மில்லி வடிகிறது என்று எழுதி வைக்கச் சொன்னார்கள், சரி. ஆனால் பாத்ரூம் போகும்போது அந்த டப்பாவை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லவில்லை. கையில் பிடித்தால் கை இல்லை, கீழே விட்டால் குழாய் இழுத்து உயிர் போகிறது. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஓமலூர்ப் பாட்டி தன் மடியிலிருந்து வெற்றிலைச் சுருக்குப் பையை எடுத்து, வெற்றிலையைக் கொட்டிவிட்டு, டப்பாவை உள்ளே போட்டு, நாடாவை நீளமாகக் கட்டி என் கழுத்தில் மாட்டிவிட்டார். “இப்படித்தான் நானும் பத்து நாளா சுத்தறேன் கண்ணு.” அவ்வளவுதான் நாங்கள் செய்வது. இப்போது புதிதாக ஆபரேஷனுக்குப் போகிற யாருக்கும் நான் அந்தப் பையைத் தைத்துக் கொடுத்துவிடுகிறேன், வெற்றிலை வாசம் மட்டும் இருக்காது.

இது ஒன்றும் நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்காவில் டெரீஸ் லாசர் என்ற பெண், தனக்கு மார்பு எடுத்த பிறகு, 1952இல், மற்ற பெண்களைக் கட்டிலோரம் போய்ப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். இன்றைக்குப் பல நாடுகளில் அது நடக்கிறது. ஆரம்பத்தில் சில டாக்டர்களுக்கு அவர் வருவது பிடிக்கவில்லையாம். இங்கேயும் அப்படித்தான், சில வார்டுகளில் “பார்வையாளர் நேரம் முடிஞ்சுது” என்று எங்களை விரட்டுவார்கள், சில இடங்களில் சிஸ்டரே போன் போட்டுக் கூப்பிடுவார்.

எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது, ரிப்போர்ட்டும் நன்றாக இருக்கிறது. இனிமேல் போய் யாரிடம் பேச என்ன இருக்கிறது?

நான் இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற எல்லாக் கேள்விகளையும் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சை நடக்கும்போது ஆள் இருக்கும். தேதி இருக்கும், அடுத்த ஊசி எப்போது என்று சுவரில் காலண்டரில் வட்டம் போட்டிருக்கும், ஒன்றுவிட்ட சித்தி கூட ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து நிற்பார். 2020 பிப்ரவரியில் எனக்குக் கடைசிக் கரண்ட் முடிந்த அன்று வீட்டில் கேசரி கிளறினார்கள். மறு வாரம் மாமியார், “அப்ப இனி மெஷின்ல உக்காரலாமில்ல?” என்றார், கெட்ட எண்ணத்தில் இல்லை, எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். எனக்கோ மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கை தூக்க வரவில்லை, ராத்திரி மூன்று மணிக்கு முழித்துக்கொண்டு கழுத்து, அக்குள், விலா என்று தடவித் தடவிப் பார்க்கிறேன். ஊசிக்கும் கரண்டுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தவரை யாரோ என்னைக் கவனித்துக்கொள்கிறார்கள் என்ற தைரியம் இருந்தது, அது போய்விட்டது. மார்ச் கடைசியில் ஊரடங்கும் வந்து கதவைச் சாத்திவிட்டது.

கரண்ட் வைக்கக் காத்திருந்த இடத்தில் ஒரு அக்கா டோக்கன் சீட்டின் பின்னால் நம்பர் எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு மாதம் தயங்கிவிட்டுக் கூப்பிட்டேன். “நல்லா இருக்கீங்களா” என்று கேட்கவில்லை அவர். “தூங்கறீங்களா?” என்றுதான் கேட்டார். இல்லை என்றேன். “நானும் இல்லைங்க” என்றார். அன்றைக்கு நாற்பது நிமிடம் பேசினோம். அவர் வீட்டு மாடிதான் இப்போது நாங்கள் கூடுவது.

அதனால், முடிந்துவிட்டது என்று சொல்பவர்களைத்தான் நாங்கள் முதலில் வரச் சொல்வோம். அந்த அசதி தூங்கினால் போகிற அசதி இல்லை, மாதக்கணக்கில் இருக்கும். சோம்பேறித்தனம் என்று நீங்களே உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதுதான் அதற்கு இருப்பதில் நல்ல மருந்து என்று டாக்டர்களே சொல்கிறார்கள். நான் முதல் வாரம் தெருமுனைப் பிள்ளையார் வரை போய்த் திரும்பினேன்.

வீட்டில், தெருவில் யாருக்கும் தெரியாது. நீங்கள் போன் செய்தால் மாட்டிக்கொள்வேனே?

அதற்குத்தான் தலைப்பில் இருக்கிற வாக்கியம். வேறு யாராவது போனை எடுத்தால், “ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தீங்களே, ரெடியாயிடுச்சு” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவோம். நான் நிஜமாகவே தையல்காரி என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. (ஒரு முறை ஒரு வீட்டுக்காரர் காசோடு கடைக்கே வந்துவிட்டார், சமாளித்தேன்.) கூட்டத்தில் படம் எடுப்பது கிடையாது. ஒருவர் சொன்னதை வெளியில் இன்னொருவரிடம் சொன்னார் என்று தெரிந்தால் அடுத்த மாதம் அவருக்கு அழைப்பு இல்லை. இதுவரை ஒரே ஒரு தடவைதான் அப்படி ஆனது.

முடி எப்போது கொட்டும்?

சிவப்பு மருந்தாக இருந்தால் முதல் ஊசி ஏறி இரண்டு மூன்று வாரத்தில். தலையணையில் பார்ப்பீர்கள், சீப்பில் பார்ப்பீர்கள், அப்புறம் ஒரே நாளில் கொத்துக் கொத்தாக வரும். அதற்கு முன்னாலேயே கட்டையாக வெட்டிக்கொண்டால் மனசுக்கும் தலைத் தோலுக்கும் கொஞ்சம் லேசு. அந்த மருந்து ஏறிய ஒன்றிரண்டு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும், ரத்தம் என்று நினைத்து அலறாதீர்கள்.

நம் ஊரில் ஒரு வசதி. மொட்டைத் தலையைப் பார்த்தால், “பழனிக்கா, திருப்பதிக்கா?” என்றுதான் முதலில் கேட்பார்கள். எங்கள் கொலுசுப் பட்டறை அக்கா, தலையில் சந்தனத்தைக் குழைத்துப் பூசிக்கொண்டு ஆறு மாதம் “பழனிக்குத்தாங்க” என்று சொல்லியே ஓட்டினார். ஆறு மாதமாக அதே மொட்டை எப்படி என்று யாரும் கேட்கவில்லை. புருவம் கொட்டியபோதுதான் பக்கத்துக் கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தாராம். மருந்து நின்ற ஒன்றிரண்டு மாதத்தில் பூனை முடி மாதிரி முளைக்கும், சிலருக்குச் சுருட்டையாக வரும். எனக்குச் சுருட்டை வந்தது, ஒரு வருடத்தில் அதுவும் போய்விட்டது.

நான் ஏற்காட்டிலிருந்து வருகிறேன். கீமோ ஏற்றிக்கொண்டு அந்த மலை வளைவில் எப்படித் திரும்பிப் போவது?

முடிந்தால் அன்றைக்குப் போகாதீர்கள். அடிவாரத்திலிருந்து மேலே இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் நம்பர் பலகை. சும்மாவே ஏழாவது வளைவில் எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பிக்கிற ஆட்கள் நாம். எங்கள் காப்பித் தோட்டத்து அக்கா முதல் ஊசி அன்றே பஸ் ஏறிவிட்டார், பதினோராவது பலகைக்கு மேல் தனக்கு எதுவும் ஞாபகமில்லை என்பார். அடுத்த தடவையிலிருந்து ஊசி நாள் ராத்திரி கன்னங்குறிச்சியில் எங்களில் ஒருவர் வீட்டில் படுத்துக்கொண்டு, மறுநாள் காலையில், டாக்டர் கொடுத்த வாந்தி மாத்திரையை நேரத்தோடு போட்டுக்கொண்டு, முன் சீட்டில் உட்கார்ந்து போனார். அந்த மாத்திரையை வாந்தி வந்த பிறகு போடலாம் என்று மிச்சம் பிடிக்காதீர்கள், எழுதிக் கொடுத்த நேரத்துக்குப் போட்டுவிடுங்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று, இது விளையாட்டில்லை. கீமோ ஏறி ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்திருக்கும், “கவுன்ட் குறைஞ்சிருக்கு” என்று சொல்வது அதைத்தான். அந்தச் சமயத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரி ஆனாலும் இறங்கிவிட வேண்டும். ஒரு தெர்மாமீட்டரும், 108 ஆம்புலன்ஸ் தவிர இறக்கிவிட ஒரு வண்டிக்காரர் நம்பரும் வீட்டில் இருக்கட்டும்.

வாயெல்லாம் புண். என்ன சாப்பிடுவது?

நம்ம ஊர் ஜவ்வரிசிதான். நன்றாகக் குழைய வேகவைத்து, பால் விட்டு, ஆற வைத்துக் குடித்தால் எரியாமல் இறங்கும். ஆனால் ஜவ்வரிசியில் மாவுச்சத்துதான், உடம்பு தேறப் புரதம் வேண்டும், அதனால் முழுசாக வெந்த முட்டை, பருப்பு, பால் எதையும் விடாதீர்கள். கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சமையல் சோடாவும் கொஞ்சம் போட்டு ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கொப்பளியுங்கள். காரமான மவுத்வாஷ் வேண்டாம்.

தட்டுவடை செட் சாப்பிடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். சேலத்தில் பிறந்துவிட்டு வேறென்ன கேட்பது. இரண்டு தட்டுவடைக்கு நடுவில் இருக்கிற அந்தப் பச்சைக் கேரட், பீட்ரூட் துருவலும் வெளியில் திறந்து வைத்த சட்னியும்தான் பிரச்சினை, கவுன்ட் குறைந்த நாட்களில் ஆகாது. நான் பன்னிரண்டாவது ஊசி முடிந்து, ரத்தப் பரிசோதனை சரியாக வந்து, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, நேராக ஒரு தள்ளுவண்டிக்குப் போய் நின்றேன். மூன்று செட்.

கை வீங்குமா?

எல்லோருக்கும் வராது. அக்குளில் நெறி எடுத்தவர்களுக்கும் அங்கே கரண்ட் வைத்தவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். நிணநீர் வடிகிற பாதை அங்கே அடைபட்டுப் போகிறது, அதனால் கையில் தேங்குகிறது. உடனே வரலாம், ஐந்து வருடம் கழித்தும் வரலாம், அதுதான் வம்பே.

முதலில் கண்ணுக்குத் தெரியாது. வளையலுக்குத் தெரியும். நேற்று வரை கழன்ற வளையல் இன்றைக்கு மணிக்கட்டில் பிடிக்கும், ஜாக்கெட்டின் ஒரு கை மட்டும் இறுகும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது, அளவெடுக்கிறவளாச்சே, டேப்பை எடுத்துப் பார்த்தால் இடது முழங்கைக்குக் கீழே வலதைவிட இரண்டு சென்டிமீட்டர் அதிகம். மாதம் ஒரு தடவை இரண்டு கையையும் ஒரே இடத்தில் அளந்து எழுதி வையுங்கள், முழங்கை மடிப்பிலிருந்து எத்தனை விரல் தள்ளி அளந்தீர்கள் என்பதையும் சேர்த்து. வித்தியாசம் தெரிந்ததுமே பிசியோதெரபி டாக்டரிடம் போனால் அளவெடுத்து அழுத்தமான கையுறை கொடுப்பார்கள், கட்டுக் கட்டுவார்கள், நீரைத் தள்ளிவிடத் தடவும் முறையைக் கற்றுத் தருவார்கள். சீக்கிரம் போனால் அடங்கும், விட்டுவிட்டால் கெட்டியாகிவிடும். அந்தக் கையுறையை நீங்களாகக் கடையில் தோராயமாக வாங்காதீர்கள், பெரிதாக இருந்தால் பயனில்லை, இறுகினால் கெடுதல்.

காப்பித் தோட்டத்து அக்காவுக்கு டாக்டர் “வெயிட் தூக்காதீங்க, முள்ளு கீறாமப் பாத்துக்குங்க” என்றார். கார்த்திகை, மார்கழியில் பழம் பறிக்கிறவரிடம் இதைச் சொன்னால் அவர் என்ன செய்வார்? அவர் செய்தது இது: பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அதன் கையை மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறார், கூடை நிறையும் முன்பே, பாதியிலேயே சாக்கில் கொட்டிவிடுகிறார், மூட்டை தூக்குவது மட்டும் வேறு ஆள், அதற்குப் பதில் மற்றவர்களுக்கு அவர் கணக்கு எழுதித் தருகிறார். உடற்பயிற்சியை மெதுவாகக் கூட்டிக்கொண்டே போனால் கைக்கு நல்லதுதான், சும்மா தொங்கப் போட்டு வைப்பதுதான் ஆகாது. சுவரில் விரலை நண்டு மாதிரி மேலே நகர்த்துகிற பயிற்சியை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள், விட்டால் தோள் இறுகிவிடும்.

அந்தக் கையில் ஊசி போடுவது, பிபி பார்ப்பது வேண்டாம் என்று எங்களுக்குச் சொன்னார்கள். இப்போது சில டாக்டர்கள் அவ்வளவு கறாராக இல்லை. இன்னொரு கை சும்மாதானே இருக்கிறது, அதை நீட்டுங்கள். கை திடீரென்று சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது கிருமி புகுந்தது, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்விட்டது. சரியாகுமா?

வாராவாரம் ஏறும் அந்த மருந்து நரம்பைத் தொடும். மருந்து நின்ற பிறகு மாதங்களில் பெரும்பாலும் குறையும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிடுங்கள், அளவைக் குறைக்கவோ இடைவெளி விடவோ அவர்களால் முடியும். “சொன்னா மருந்த நிறுத்திருவாங்களோ” என்று மறைத்தவர்கள் எங்களில் மூன்று பேர், மூன்று பேருக்கும்தான் இன்னும் மரத்திருக்கிறது.

என் கதை: ஒரு கல்யாணப் பட்டு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன், சந்தன நிறத் துணி, திடீரென்று அதில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி, அப்புறம் இன்னொன்று. ஊசி என் விரலில் இறங்கியிருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. அந்தத் துணிக்கு நான்தான் காசு கொடுத்தேன். இன்னொரு நாள் நான்கு ரோட்டில் ஒரு செருப்பு கழன்றதே தெரியாமல் நடந்து போய்க்கொண்டிருந்தேன், பின்னால் ஒரு பையன் எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். பட்டறை அக்காவுக்குப் பற்றவைக்கிற வேலை, சூடு தெரியாமல் கொப்புளம் போட்டுக்கொண்டார், இப்போது மணி கோக்கிற வேலைக்கு மாறிவிட்டார். அதனால் பின்னால் வார் வைத்த செருப்பு, குளிக்கிற தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்ப்பது, ராத்திரி பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டுப் படுப்பது.

மார்பு எடுத்த இடத்தில் என்ன வைத்துக்கொள்வது?

கடையில் சிலிக்கானில் கிடைக்கிறது, அதை வைக்கப் பை வைத்த பிராவும் கிடைக்கிறது, விலைதான் கொஞ்சம் கடிக்கும். பஞ்சு வைத்துத் தைத்தால் எடை இல்லாமல் மேலே ஏறிக்கொள்ளும், மத்தியானத்துக்குள் ஒன்று கழுத்தில் இருக்கும். எடை வர வேண்டும் என்று நான் கேழ்வரகு போட்டுத் தைத்தேன், அளவும் எடையும் அவ்வளவு பொருத்தம். ஐப்பசி மழையில் வண்டு வந்துவிட்டது. பஸ்ஸில், ஜாக்கெட்டுக்குள். அதற்கு அப்புறம் பஞ்சுக்கு நடுவில் சின்னக் கண்ணாடி மணிகளைத் துணியில் முடிந்து வைத்துத் தைக்கிறேன், துவைக்கலாம், காயும். காயம் முழுசாக ஆறிய பிறகுதான் இதெல்லாம். எதுவும் வைக்காமல் இருப்பதும் சரிதான், எங்கள் ஆசிரியை அப்படித்தான் வகுப்புக்குப் போகிறார்.

கணவரோடு எப்படி?

ஏழு மாதம் நான் விளக்கை அணைத்துவிட்டுத்தான் சேலை மாற்றினேன். அவர் ஒதுங்குகிறார் என்று நான் நினைத்தேன், வலிக்குமோ என்று அவர் பயந்திருக்கிறார். இந்தப் பேச்சை யாராவது ஒருவர் ஆரம்பித்தே ஆக வேண்டும்.

உடம்பு விஷயம்: மருந்தாலும் ஹார்மோன் மாத்திரையாலும் வறட்சி வரும், வலிக்கும். தண்ணீர் சார்ந்த வழுவழுப்பு ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும். ஹார்மோன் கலந்த க்ரீமை மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. மாதவிலக்கு நின்றுவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள், வயது குறைந்தவர்களுக்கு அப்போதும் கரு தங்கலாம். டாமாக்சிபென் (அந்த ஹார்மோன் மாத்திரைகளில் ஒன்று) சாப்பிடும்போது கரு உண்டாகக் கூடாது, கருத்தடை மாத்திரையும் கூடாது, காப்பர் டி மாதிரி வேறு வழியைக் கேளுங்கள்.

ஐந்து வருடம் மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்கள். நன்றாகத்தானே இருக்கிறேன், நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். ஹார்மோனால் வளர்கிற வகைக்கு அந்த மாத்திரை ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம். டாமாக்சிபென்னில் உடம்பு திடீரென்று கொதிக்கும், வியர்க்கும். லெட்ரோசோலில் மூட்டு பிடிக்கும், எலும்பு மெலியும், காலையில் எழுந்தால் தொண்ணூறு வயசு மாதிரி இருக்கும். இவற்றுக்கெல்லாம் வழி இருக்கிறது, மாத்திரையையே மாற்றிக் கொடுக்கவும் முடியும். ஆனால் டாமாக்சிபென் சாப்பிடுகிறவர்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ அடுத்த கூட்டம் வரை காத்திருந்து எங்களைக் கேட்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி.

ஒட்டிக்கொள்ளுமா? என் மகளுக்கு வருமா?

ஒட்டாது. தனித் தட்டு, தனி டம்ளர் வைத்த வீட்டை எனக்குத் தெரியும், படித்த வீடு. பரம்பரையாக வருவது நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான். சின்ன வயதில் வந்திருந்தாலோ, அம்மா, சித்தி, அக்கா என்று பலருக்கு இருந்தாலோ மரபணுச் சோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி, இன்னும் தீரவில்லை.

ஒருவர் மூலிகை கொடுத்தே குணமாக்குகிறாராமே?

வாட்ஸ்அப்பில் முள் சீத்தா இலை வராத வாரமில்லை. கட்டி சின்னதாக இருந்தபோது அறுவைக்குப் பயந்து எட்டு மாதம் கஷாயம் குடித்துவிட்டு, புண்ணாகி வந்தவர் எங்களோடு இருந்தார். அவரை யாரும் திட்டவில்லை, பயம் எல்லோருக்கும் ஒன்றுதான். சிகிச்சையோடு சேர்த்து எதையாவது சாப்பிடுவதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள், கீமோவோடு சில மூலிகைகள் மோதும்.

பணம்?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு, தகுதியிருந்தால் முதல் வேலையாக அந்த அட்டை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று, எல்லாவற்றிலும் நாலு ஜெராக்ஸ், ஒரு பிளாஸ்டிக் பையில். சேலத்திலேயே அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை இருக்கிறது, எல்லாவற்றுக்கும் சென்னை ஓட வேண்டியதில்லை. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் ரயிலில் சலுகை கேளுங்கள்: சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமில்லை, கூட வருபவருக்கு 75 சதவீதம் குறையும், மருத்துவமனைச் சான்று வேண்டும். டவுன் பஸ்ஸில் நமக்குத்தான் ஏற்கெனவே டிக்கெட் இல்லையே.

நோய் மறுபடியும் வந்தவர்கள் கூட்டத்துக்கு வருவார்களா? எனக்குப் பயமாக இருக்கிறது.

வருவார்கள். ஒரு காலத்தில் எங்களுக்கும் குழப்பம்தான். எலும்புக்குப் பரவிய ஒரு அக்கா ஒரு ஞாயிறு படியேறி வந்தார், பேச்சு அப்படியே நின்றுவிட்டது. அவரே சொன்னார்: “என்னப் பாத்தா உங்களுக்குப் பயம்னு தெரியுதுங்க. நானும் போன வருஷம் இப்படித்தான் ஒருத்தங்களப் பாத்துட்டுத் தள்ளி உக்காந்தேன். இப்ப நான் எங்க போவேன்?” யாரிடமும் பதில் இல்லை. ஆசிரியை நகர்ந்து பாயில் இடம் விட்டார்.

பரவிவிட்டால் முழுசாகப் போக்குவதைவிட அடக்கி வைப்பதுதான் சிகிச்சையின் நோக்கம், அப்படியே பல வருடம் வேலைக்குப் போய்க்கொண்டு இருப்பவர்களும் உண்டு. அந்த அக்கா இரண்டு வருடம் வந்தார். சீக்கிரம் குணமாகிவிடும் என்று அவரிடம் சொல்லக் கூடாது என்பதைத்தான் அவர் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தார். அவருக்கு வேண்டியிருந்தது மகன் பத்தாவது பரீட்சை பற்றிப் பேச்சு, வலி மாத்திரை மலச்சிக்கல் செய்வது பற்றிப் பேச்சு. போன ஆடியில் இறந்துவிட்டார். அந்த மாதக் கூட்டத்துக்கு நான் போகவில்லை, பயந்துகொண்டு. அடுத்த மாதம் போனேன், யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

உங்களுக்கு அந்த அளவு தாங்காது என்றால் வீட்டுக்கார அக்காவிடம் சொல்லுங்கள், தனியாக இரண்டு பேர் வந்து பார்ப்பார்கள்.

நானும் மற்றவர்களுக்குப் பேச வரலாமா?

சிகிச்சை முடிந்து ஒரு வருடமாவது போகட்டும். வார்டில் போய் நின்றதும் பழைய வாசம் அடித்தால் நமக்கே வயிற்றைப் புரட்டும். அப்புறம் சில வார்த்தைகளைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்: “எனக்கெல்லாம் இவ்வளவு வலிக்கல”, “தைரியமா இருங்க”, “உங்க டாக்டர் ஏன் பெட் ஸ்கேன் எழுதல?” கடைசியது ரொம்ப ஆபத்து. அறிகுறி இல்லாதவர்களுக்கு வருடா வருடம் மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே), குறித்த தேதியில் டாக்டர் பரிசோதனையும்தான் வழக்கம். நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு ஸ்கேனுக்கு அவர்கள் தாலிக்கொடியை அடகு வைப்பார்கள்.

ஆண்கள் வரலாமா?

ஆண்களுக்கும் இந்த நோய் வரும், நோய் வந்த நூறு பேரில் ஒருவர் ஆண் என்ற அளவில். இதுவரை ஒருவர் வந்தார், மூன்று மாதம், ரொம்பக் கூச்சம், ஆனால் வந்தார். கணவர்கள் கீழே டீக்கடையில் உட்காருவார்கள். அங்கே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எங்களுக்குச் சொல்வதில்லை, ஆனால் கூப்பிடாமலே வருகிறார்கள்.

ராத்திரியில் வாழவே வேண்டாம் போல் இருக்கிறது. யாரைக் கூப்பிடுவது?

14416. அரசின் டெலி மானஸ் எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசில்லை. எங்களையும் கூப்பிடுங்கள், ஆனால் எங்களை மட்டும் நம்பி இருக்காதீர்கள், நானும் சில ராத்திரி போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டுத் தூங்குவேன்.

முதல் தடவை வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

ஒன்றும் வேண்டாம், பைல் கூட வேண்டாம். கைக்குக் கீழே வைக்கச் சின்னத் தலையணை இருந்தால் எடுத்து வாருங்கள். மாடிக்கு இருபத்திரண்டு படி, கைப்பிடி இடது பக்கம் மட்டும்தான் இருக்கிறது. இடது பக்கம் ஆபரேஷன் ஆகி இன்னும் கை ஊன்ற முடியாதவர்கள் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், அன்றைக்கு எல்லோரும் கீழேயே திண்ணையில் உட்கார்ந்துகொள்வோம்.